புதிய ஷீட் பிலிம் வருமா? 4×5, 8×10 நண்பர்களின் கணிப்பு

ஒளிவாசல் · 3 ஆகஸ்ட் 2025

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஹார்மன் (இல்ஃபோர்டு பிலிம்களைச் செய்யும் இங்கிலாந்து நிறுவனம்) ஃபீனிக்ஸ் II கலர் பிலிமை வெளியிட்டதிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். முதல் ஃபீனிக்ஸ் 200 டிசம்பர் 2023ல் 35 மி.மீ.யில் மட்டும் வந்தது. அதைவிட அகலமான 120 ரோலுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருந்தோம். இந்த முறை 35ம் 120ம் சேர்ந்தே வந்திருக்கின்றன. அப்படியென்றால் அடுத்தது 4×5 அங்குல ஷீட் பிலிம், அதாவது பெரிய கேமராவில் ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்கும் தாள் பிலிம்தானே? இங்கிலாந்தில் அதே மோபர்லி ஆலையின் எச்பி5, எஃப்பி4, டெல்டா 100 என்ற கருப்பு வெள்ளைப் பிலிம்கள் மூன்றும் தாளாகவும் கிடைக்கின்றன. வெட்டும் கத்தி இருக்கிறது, பெட்டி இருக்கிறது, கலர் எமல்ஷனும் (ஒளியைப் பிடிக்கும் பூச்சு) இப்போது கையில் இருக்கிறது.

கலர் நெகட்டிவ் தாள் என்றால் இன்று நமக்குப் பெரும்பாலும் கோடக்தான். போர்ட்ரா 160, போர்ட்ரா 400, எக்டார் 100. பத்துத் தாள் பெட்டி. சுங்கம் எல்லாம் கட்டி வீட்டுக்கு வந்து சேரும்போது ஒரு தாள் என்ன விலை ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். நல்ல வெளிச்சம் இருந்தும் தாளை வைக்கும் ஹோல்டரின் மூடியான டார்க் ஸ்லைடை இழுக்காமல் திரும்பி வந்த நாட்கள் எனக்கு உண்டு. இன்னொருவர் இந்தக் களத்துக்கு வந்தால் நிலைமை மாறும் என்று நம்புகிறேன். உங்கள் கணிப்பு என்ன?

இருட்டறைசேலம் · 3 ஆகஸ்ட்

தம்பி, ஆசை எனக்கும் உண்டு. ஆனால் நாம் எப்போதும் எமல்ஷனைப் பற்றியே பேசுகிறோம், அது எதன் மேல் பூசப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். தாள் பிலிமின் கதையே அந்த அடித்தளத்தில்தான் இருக்கிறது.

எச்பி5 பிளஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ.யில் அது 0.125 மி.மீ. தடிமன் உள்ள அசிடேட் என்ற பிளாஸ்டிக். 120ல் 0.110 மி.மீ. அசிடேட். தாளில் 0.180 மி.மீ. பாலியஸ்டர். மூன்றும் வேறு வேறு. ரோலில் ஸ்பூலும் அழுத்தத் தகடும் பிலிமை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஹோல்டரில் அப்படி இல்லை. ஓரங்களில் உள்ள மெல்லிய பள்ளம்தான் பிடிமானம், நடுப்பகுதி முழுக்கத் தன் விறைப்பில் தானே நிற்க வேண்டும். 120 பிலிமை அப்படியே 8×10க்கு வெட்டி வைத்தால் நடுவில் தொய்ந்துவிடும். கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் கேட்கவே வேண்டாம்.

அசிடேட்டிலிருந்து பாலியஸ்டருக்கு மாறுவதும் ரோலை மாற்றிப் போடுகிற வேலை இல்லை. வெறும் பாலியஸ்டரில் ஜெலட்டின் ஒட்டாது. நடுவில் ஒரு பிடிப்புப் பூச்சு வேண்டும். பிலிம் சுருளாமல் இருக்கப் பின்பக்கமும் ஒரு பூச்சு வேண்டும். ஒளி அடித்தளத்துக்குள் புகுந்து திரும்பி வந்து படத்தைக் கெடுக்காமல் தடுக்கும் சாயமும் அங்கேதான் போகும். ஒரு கலர் எமல்ஷனில் எத்தனை அடுக்குகள் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனையும் வேறொரு தளத்தின் மேல் அதே சீராகப் படிந்து, அதே சீராக உலர வேண்டும். சோதனை ஓட்டம் என்றாலே நீளநீளமாகப் பிலிம் குப்பைக்குப் போகும்.

நான் 80களில் ஒரு பிராசஸ் ஸ்டூடியோவில் அச்சு வேலைக்கான லித் பிலிம் வெட்டிக்கொண்டிருந்தவன். சிவப்பு விளக்கில் இரண்டு வகைத் தளங்களையும் கையால் தடவியே பிரித்துவிடுவோம். பாலியஸ்டர் கிழியாது, ஈரத்தில் அளவு மாறாது. அந்த வேலைக்கு அதனால்தான் அது வேண்டியிருந்தது. ஃபீனிக்ஸ் தாள் வராது என்று நான் சொல்லவில்லை. 35லிருந்து 120க்குப் போனதை வைத்து 4×5க்குத் தேதி குறிக்க முடியாது என்கிறேன்.

ஒளிவாசல் · 3 ஆகஸ்ட்

நன்றி ஐயா. பிடிப்புப் பூச்சு பற்றி எனக்குத் தெரியாது. முதல் ஃபீனிக்ஸில் விளக்குகளைச் சுற்றிச் சிவப்பாக ஒளிவட்டம் வந்ததே, அதுவும் நீங்கள் சொல்லும் அந்தச் சாயத்தோடு தொடர்புள்ளதுதானா?

இருட்டறைசேலம் · 3 ஆகஸ்ட்

ஆமாம். கலர் பிலிமில் சிவப்பைப் பிடிக்கும் அடுக்கு பொதுவாக அடியில் இருக்கும். தளத்திலிருந்து திரும்பி வரும் ஒளி முதலில் அதைத்தான் தொடும். அதனால்தான் வட்டம் சிவப்பாகத் தெரிகிறது. இரண்டாம் பதிப்பில் நன்றாகக் குறைத்திருக்கிறார்கள்.

நிழல்யாழ் · 4 ஆகஸ்ட்

கலரை விடுங்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஃப்யூஜியின் கருப்பு வெள்ளைப் பிலிம் அக்ரோஸ் II, 4×5ல்.

ஃப்யூஜி பழைய அக்ரோஸ் 100ஐ 2018ல் நிறுத்தியபோது தாள்தான் முதலில் போனது. மறுவருடம் அக்ரோஸ் II வந்தது, ஆனால் 35லும் 120லும் மட்டும். பெட்டியில் இங்கிலாந்தில் தயாரானது என்று அச்சிட்டிருக்கிறது. தாள் பூசவும் வெட்டவும் தெரிந்த நாட்டில்தான் அது பிறக்கிறது. அண்ணா சொன்ன தளச் சிக்கல் இருக்கட்டும், கருப்பு வெள்ளையில் அது கலர் அளவுக்குக் கடினம் இல்லையே?

இரவில் படம் எடுக்கும் எல்லோருக்கும் இந்த ஏக்கம் புரியும். நீண்ட நேரம் திறந்து வைத்தால் பிலிமின் உணர்வு குறையும், ஒளி மீட்டர் காட்டும் நேரத்தைவிடக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அக்ரோஸில் 120 வினாடி வரை எந்தத் திருத்தமும் இல்லாமல் மீட்டர் காட்டுவதை அப்படியே கொடுக்கலாம். அதைத் தாண்டினாலும் 1000 வினாடி வரை அரை ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). 4×5ல் லென்ஸ் துளையை எஃப்32க்கு மூடி வைத்து நிலா வெளிச்சத்தில் எடுப்பவருக்கு இதன் அருமை தெரியும். என் ஃப்ரீசரில் பழைய அக்ரோஸ் தாள் ஏழு மிச்சம் இருக்கின்றன. எதற்குச் செலவழிப்பது என்று இரண்டு வருடமாக யோசிக்கிறேன்.

சோலைக்காடு · 4 ஆகஸ்ட்

நிழல்யாழ் அக்கா, இந்த வலி எனக்கு நேரடியாகத் தெரியும். நான் பெரும்பாலும் ஃபோமாபான் 100தான் பயன்படுத்துகிறேன். மனசுக்குப் பிடித்த பிலிம், 50 தாள் பெட்டி, விலையும் தாங்கும். ஆனால் சோலைக்குள் போனால் கதை வேறு. மீட்டர் 10 வினாடி காட்டினால் ஃபோமாவின் சொந்த அட்டவணைப்படி 80 வினாடி கொடுக்க வேண்டும். 100 வினாடி காட்டினால் 1600. அதாவது 27 நிமிடம்! அவ்வளவு நேரம் ஒரு பெரணி இலை அசையாமல் நிற்குமா? நான் ஜூன் மாதம் எடுத்த நான்கு தாளில் மூன்றில் பெரணி வெறும் புகையாகத்தான் இருக்கிறது. அடிமரங்கள் மட்டும் கல்லில் செதுக்கியதுபோல் வந்திருக்கின்றன.

புதுப் பிலிம் வரும்வரை கையில் இருப்பதைச் சொல்கிறேன். கோடக்கின் டி-மேக்ஸ் 100 தாளில் கிடைக்கிறது. 10 வினாடிக்கு அரை ஸ்டாப் கூட்டினால் போதும், அதாவது 15 வினாடி. 100 வினாடிக்கு ஒரு ஸ்டாப், 200 வினாடி. அக்ரோஸ் அளவுக்கு இல்லை, ஆனால் இன்று தாளில் வாங்கக்கூடியதில் எனக்குத் தெரிந்து இதுதான் அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. எச்பி5 பிளஸ் இரண்டுக்கும் நடுவில்: 10 வினாடிக்கு ஏறத்தாழ 20.

நிழல்யாழ் · 4 ஆகஸ்ட்

டி-மேக்ஸ் என்னிடமும் இருக்கிறது. குறை ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனாலும் அக்ரோஸின் நடுச் சாம்பலில் ஒரு மென்மை உண்டு, அதை நான் வேறு எதிலும் பார்க்கவில்லை. கேட்பதை நிறுத்தப்போவதில்லை.

தேக்குப்பெட்டி · 5 ஆகஸ்ட்

பொருளாதாரத்தைக் கொஞ்சம் பேசுவோம். பரப்பளவில் கணக்குப் போடுங்கள். ஒரு 8×10 தாள் 80 சதுர அங்குலம். நான்கு 4×5 தாளும் அதே 80. ஒரு 120 ரோலும், 36 படம் உள்ள ஒரு 35 மி.மீ. ரோலும் கிட்டத்தட்ட அதே பரப்புதான். ஆக, 25 தாள் கொண்ட ஒரு 4×5 பெட்டிக்கு ஆறேகால் ரோல் பிலிம் போகிறது.

இப்போது ஆலையின் பக்கமிருந்து பாருங்கள். ஒரு அகலமான மாஸ்டர் ரோலைப் பூசிவிட்டால் அதை 35 மி.மீ.யாகக் கீற லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். தாளுக்கு என்று தடித்த தளத்தில் ஒரு மாஸ்டர் ரோல் பூசினால் அது மொத்தமும் தாளாகத்தான் விற்க வேண்டும். மிச்சத்தை வேறு எதற்கும் திருப்ப முடியாது. விற்று முடியும்வரை காலாவதித் தேதி ஓடிக்கொண்டே இருக்கும். கருப்பு வெள்ளை பொறுத்துக்கொள்ளும். கலர் அந்த அளவுக்குப் பொறுக்காது.

அதனால் என் கணிப்பு இப்படி: புதிதாக வரும் தாள் எதுவானாலும், பாலியஸ்டரில் ஏற்கெனவே பூசப்பட்டுக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றிலிருந்துதான் வரும். ரோலெய் (Rollei) இன்ஃப்ராரெட் 400 பிலிம் நமக்கு 4×5ல் கிடைப்பது எப்படி? அந்த வகைப் பிலிம் வானிலிருந்து படம் எடுக்கும் வேலைக்காக உருவானது, தளம் முதலிலிருந்தே பாலியஸ்டர். தளம் கொஞ்சம் மெல்லியது, ஹோல்டரில் ஏற்றும்போது கை பழக வேண்டும். ஆனாலும் தாள் நம் கைக்கு வந்துவிட்டது இல்லையா?

நடுப்பகல் · 5 ஆகஸ்ட்

கோடக் எக்டாக்ரோம் இ100 இதற்கு எதிர் உதாரணம் ஆகாதா? ஜனவரி 2017ல் திரும்ப வருகிறது என்று அறிவித்தார்கள், செப்டம்பர் 2018ல் 35 மி.மீ. வந்தது, டிசம்பர் 2019ல் 120ம் 4×5ம் வந்தன. ஸ்லைடு பிலிமைத் தாளில் கொண்டுவர ஒரு பெரிய ஆலைக்கு மனசு இருந்தது.

தேக்குப்பெட்டி · 5 ஆகஸ்ட்

நல்ல உதாரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தேதிகளையே பாருங்கள். பல காலமாகக் கலர் தாள் செய்துவரும் கோடக்கின் ராச்செஸ்டர் ஆலைக்கே 35க்கும் தாளுக்கும் நடுவில் பதினைந்து மாதம் ஆனது. கலரில் இப்போதுதான் கால் வைத்திருக்கும் ஹார்மனுக்கு எவ்வளவு ஆகும்?

இன்னொன்று. கோடக்கின் கோல்ட் 200ஐ 2022ல் 120க்குக் கொண்டுவந்தார்களே, தாளிலும் வருமா என்று அப்போது பலர் கேட்டார்கள். போர்ட்ரா தாளை விற்றுக்கொண்டிருக்கும்போது அதற்குப் பக்கத்திலேயே விலை குறைந்த தாளை அவர்கள் ஏன் வைக்க வேண்டும்? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

நடுப்பகல் · 6 ஆகஸ்ட்

முன்பதிவு முறையில் என் நம்பிக்கை அதிகம். சினிஸ்டில் நிறுவனம் 2022ல் 400டி கலர் பிலிமுக்கு முன்பதிவு எடுத்தபோது பட்டியலில் 4×5ம் இருந்தது. பணம் முதலில், பூச்சு பிறகு. விற்காமல் தேங்கும் பயம் ஆலைக்கு இல்லை. கேமரா பக்கத்திலும் இதே கதைதான். இங்கிலாந்தின் பிரைட்டனில் இன்ட்ரெபிட் நிறுவனம் 2014ல் கிக்ஸ்டார்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் தொடங்கியபோது 4×5 கேமரா என்பது கைக்கு எட்டும் பொருளாக மாறியது. என் முதல் கேமராவும் அதுதான். இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள் இன்று கேமராவின் பின்புறக் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் தலைகீழ்ப் படம் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பிலிம் வேண்டுமே?

இருட்டறைசேலம் · 6 ஆகஸ்ட்

முன்பதிவு நல்ல வழி, ஆனால் பொருள் ஏற்கெனவே உருவானதாக இருக்க வேண்டும். புதிதாகக் கண்டுபிடிக்கப் பணம் திரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நியூ55 இருக்கிறது. போலராய்டு டைப் 55 போல, ஒரே உறையில் நெகட்டிவும் பிரிண்டும் தரும் 4×5 தாளை மறுபடி செய்ய 2014ல் கிக்ஸ்டார்டரில் இறங்கினார்கள். செய்தும் காட்டினார்கள், அதற்கு என் வணக்கம் உண்டு. நான் ஒரு நண்பர் மூலம் ஒரு பெட்டி வாங்கினேன். அந்த நெகட்டிவின் ஓரத்தில் தெரிந்த ரசாயனச் சட்டத்தை இன்றும் எடுத்துப் பார்ப்பேன். ஆனால் 2017 முடிவில் கடையை மூட வேண்டியதாயிற்று. உறை, காகிதம், ரசாயனப் பை, உலோகக் கவ்வி என்று ஒவ்வொன்றையும் சிறு அளவில் செய்யச் செலவு எங்கோ போய்விடும்.

ரசாயனம் என்றவுடன் நினைவு வருகிறது. ஒரு பிலிமைத் தடுக்கச் சட்டம் ஒன்றே போதும். 2021ல் அமெரிக்காவில் வெல்வியா 100 ஸ்லைடு பிலிம் விற்பனையை ஃப்யூஜி நிறுத்தியது, அதில் மிக மிகச் சிறிய அளவில் இருந்த ஒரு சேர்மத்துக்கு அங்கே தடை வந்ததால்தான்.

எக்ஸ்ரேகுமார் · 7 ஆகஸ்ட்

யாரும் எக்ஸ்ரே பிலிம் பற்றிப் பேசவில்லையே! 8×10 காரர்களுக்கு அதுதான் புதுப் பிலிம். மருத்துவப் பொருள் விற்கும் கடையில் பச்சை ஒளிக்கான வகை என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பெட்டி 100 தாள். சிவப்பு விளக்கில் தட்டில் போட்டு, படம் எழும்புவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே டெவலப் செய்யலாம். நான் ஐஎஸ்ஓ 80 என்று வைத்து மீட்டர் பார்க்கிறேன், டெவலப்பரை நன்றாக நீர்க்கச் செய்தால் கான்ட்ராஸ்ட் அடங்கும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் எமல்ஷன், ஈரமாக இருக்கும்போது நகம் பட்டாலே கீறல் விழும். தட்டின் அடியில் ஒரு கண்ணாடியைப் போட்டு, ஒரு தாளாகப் போட்டு எடுங்கள். சிவப்பு நிறத்தைப் பிடிக்காது என்பதால் மனிதர்களின் உதடும் தோலும் கருத்துவிடும். என் பாட்டியை அதில் எடுத்தேன். ஒவ்வொரு சுருக்கமும் ஆற்று மணலில் நீர் ஓடிய தடம்போல் விழுந்தது. அவருக்கே பிடித்துப்போய்ச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்.

கவலை என்னவென்றால் ஆஸ்பத்திரிகள் டிஜிட்டலுக்குப் போய்விட்டன. நான் வாங்கும் கடையில் இனி ஆர்டர் கொடுத்தால்தான் வரவழைப்போம் என்கிறார்கள்.

ஊட்டிக்குளிர் · 7 ஆகஸ்ட்

எக்ஸ்ரே என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரான ஊட்டியிலேயே அந்தப் பிலிம் பூசப்பட்டது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960ல் தொடங்கப்பட்டு, 1967ல் உற்பத்திக்கு வந்தது. இந்து என்ற பெயரில் கருப்பு வெள்ளை ரோல், பேப்பர், எக்ஸ்ரே எல்லாம் வந்தன. இந்து நகர் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. சித்தப்பா அங்கே பூச்சுப் பிரிவில் இருந்தார். இருட்டில் பல மணி நேரம் வேலை செய்துவிட்டு வெளியே வந்தால் தேயிலைப் பச்சை கண்ணைக் குத்தும் என்பார்.

இருட்டறைசேலம் ஐயா சொன்ன தளக் கதை அங்கேயும் நடந்தது. எக்ஸ்ரேவுக்குப் பாலியஸ்டர் தளம்தான் இனி என்று ஆனபோது அதற்கெனத் தனியாகப் புதிய பிரிவு கட்ட வேண்டியிருந்தது. பெரும் கடன். சந்தையும் அதே நேரத்தில் மாறிக்கொண்டிருந்தது. 90களில் நலிந்த நிறுவனமாக அறிவித்தார்கள், பிறகு எழவே இல்லை. ஒரு தடிமனான பிளாஸ்டிக் தாளுக்காக ஓர் ஆலை எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால்தான் இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பூச்சு இயந்திரத்தையும் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

சோலைக்காடு · 7 ஆகஸ்ட்

அண்ணா, சித்தப்பா சொன்னதை எல்லாம் தயவுசெய்து தனி இழையாக எழுதுங்கள். காத்திருக்கிறோம்.

தேக்குப்பெட்டி · 9 ஆகஸ்ட்

இரண்டு நாள் யோசித்துவிட்டு வருகிறேன். புதிய எமல்ஷனுக்காகக் காத்திருப்பதைவிட, இருக்கும் எமல்ஷனைப் புதிய அளவில் கேட்பது நம் கையில் இருக்கிறது. இல்ஃபோர்டு வருடத்துக்கு ஒருமுறை, குறிப்பிட்ட காலத்துக்குள் கடைகள் வழியாக ஆர்டர் எடுத்து, வழக்கமில்லாத அளவுகளை வெட்டித் தருகிறார்கள். 7×17, 12×20 போன்றவற்றோடு பழைய கண்ணாடித் தட்டுக் கேமராக்களின் ஹாஃப் பிளேட், ஃபுல் பிளேட் அளவுகளும் அதில் உண்டு. எச்பி5, எஃப்பி4, டெல்டா 100 ஏற்கெனவே தாளுக்கான தளத்தில் பூசியே இருக்கின்றன. புதிதாகத் தேவை கத்தியின் அளவு மட்டும்தான்.

நம் ஊர் ஸ்டூடியோக்களின் பரணில் எத்தனை ஹாஃப் பிளேட், ஃபுல் பிளேட் தேக்குக் கேமராக்கள் கிடக்கின்றன! பித்தளை லென்ஸோடு அலங்காரப் பொருளாக விற்கிறார்கள். என்னிடம் உள்ளது அப்படி மீட்டதுதான், துருத்தி போன்ற பெல்லோஸை மட்டும் மாற்றினேன். பிலிம் கிடைத்தால் அவை எல்லாம் மறுபடி படம் எடுக்கும். இதைவிட எனக்குப் பெரிய புதுப் பிலிம் செய்தி வேண்டாம்.

அடுத்த ஆர்டர் காலத்துக்குச் சேர்ந்து வாங்கலாமா? எஃப்பி4 பிளஸ், ஹாஃப் பிளேட். நான் இரண்டு பெட்டி.

ஒளிவாசல் · 9 ஆகஸ்ட்

நான் ஒரு பெட்டி. கேமரா இல்லை, ஆனால் எங்கள் தெருவில் பழைய ஸ்டூடியோ ஒன்றில் பார்த்திருக்கிறேன். நாளைக்கே போய்க் கேட்கிறேன். ஃபீனிக்ஸ் தாளுக்கும் காத்திருப்பேன், அதை மட்டும் விட மாட்டேன்.

நிழல்யாழ் · 10 ஆகஸ்ட்

எனக்கும் ஒன்று. விமானத்தில் கொண்டுவருவதாக இருந்தால் முன்பே சொல்லுங்கள். விமான நிலையத்தின் புது சி.டி. (CT) எக்ஸ்ரே ஸ்கேனர் வழியாகப் பிலிம் போகக் கூடாது, தாள் பெட்டியைத் திறந்தும் காட்ட முடியாது. கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்டே ஆக வேண்டும்.

இருட்டறைசேலம் · 10 ஆகஸ்ட்

என்னையும் இரண்டு பெட்டிக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுக்கும் முன் எல்லோரும் ஒன்று செய்யுங்கள். அந்தப் பழைய ஹோல்டர்கள் கண்ணாடித் தட்டுக்காகச் செய்தவை. பிலிம் அதில் நிற்காது, உள்ளே ஒரு மெல்லிய உலோகத் தகட்டு உறை வேண்டும். சில பெட்டிகளில் அது ஹோல்டரோடு இருக்கும், பழைய தகரம் என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இல்லாதவர்கள் ஹோல்டரின் உள் அகலம், நீளம், கண்ணாடி உட்காரும் பள்ளத்தின் ஆழம் மூன்றையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து இங்கே போடுங்கள். சேலத்தில் எனக்குத் தெரிந்த பட்டறை ஒன்று இருக்கிறது, அளவு சரியாக இருந்தால் தகடு வெட்டி மடித்துத் தருவார்கள். என்னுடையதை இன்று மாலை அளந்து எழுதுகிறேன்.